மதிலின் இருபுறத்து மாணவர்

"கோடு கச்சேரி ஏறாத குடும்பம்" என்பது நம்மவர் தம் குடிப்பெருமையைச் சொல்லுமிடத்துத் தவறாது வழங்கும் தொடர். கலியாணம் பேச வருவோர்க்கும், மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி அயலிலே விசாரிக்கப் போவோர்க்கும், இத்தொடர் ஒன்றே நற்சாட்சிப் பத்திரமாக அமைந்துவிடுகின்றது. கோட்டுப் படியே ஏறாத குடும்பத்திற்கு மறியல் வீட்டு வாசல் எங்ஙனம் தெரியப்போகின்றது? வெலிக்கடை மதிலோரமாக நாள்தோறும் பஸ்ஸிலே பாடசாலை செல்லும் பிள்ளை, "இதற்குள்ளே யார் இருக்கிறார்கள், அம்மா?" என்று கேட்டால், "கெட்டவர்கள்" என்று ஒரு சொல்லிலே விடையிறுத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கின்றோம். பிள்ளையும் அதற்குமேல் கேட்பதில்லை.

மதிலைக் கட்டுவோர் அதனை உள்ளே இருப்போர் வெளியே வாராதிருக்கவே கட்டுகின்றனர். வெளியே இருப்போர் உள்ளே பாராதிருத்தற்கும் அது பயன்படுகின்றது என்பதைப் பெரும்பாலும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. அம்மதிலுக்குள்ளே மாணவரை அழைத்துச் சென்று, கைதிகளோடு ஒரே வட்டத்தில் அமர்த்திப் பாடம் நடத்திய சிலரைப் பற்றியும், அதனால் விளைந்த நன்மையைப் பற்றியும், ஒருமுறை விளைந்த பெருந்துயரத்தைப் பற்றியும் இவ்வாரம் வாசகர்களோடு பேச விரும்புகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பென்சில்வேனியா மாநிலத்தில் டாலஸ் என்றோர் ஊர் உண்டு. ஜனாதிபதி கென்னடி 1963ஆம் ஆண்டில் சுட்டுக்கொல்லப்பட்ட டாலஸ் நகரம் அன்று இது. அது தெற்கே டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. இந்தச் சிறிய டாலஸில் மாநில அரசாங்கத்தின் சிறைச்சாலை ஒன்று இருக்கின்றது. பிலடெல்பியா நகரத்து டெம்பிள் சர்வகலாசாலையிலே குற்றவியல் நீதி பயிற்றிய லோரி பொம்பா என்னும் ஆசிரியை, 1995ஆம் ஆண்டில் தம் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றார். ஆயுட்சிறை விதிக்கப்பட்ட சிலர் மாணவர்முன் அமர்ந்து உரையாடினர். அம்மாநிலத்தில் ஆயுட்சிறை என்றால், அந்நாளில், ஆயுள் முடியும்வரை என்றே பொருள். ஆளுநரின் கருணையன்றி வெளிவர வேறு வழியில்லை.

அன்று நடந்த உரையாடல் சூடும் சுவையுமாக இருந்திருக்க வேண்டும். ஏனெனில், அது முடிந்து எல்லோரும் எழுந்தபோது, கைதிகளுள் ஒருவரான போல் பெரி என்பவர் ஆசிரியையிடம் ஒரு யோசனையைச் சொன்னார். ஒரு நாள் வந்து பேசிச் செல்வதற்குப் பதிலாக, ஒரு தவணை முழுவதும் வாரந்தோறும் வந்து, இரு சாராரும் சேர்ந்தே படித்தால் என்ன என்பதே அந்த யோசனை. பாடத்திட்டத்தை வகுப்பவர் பெரும்பாலும் பேராசிரியர். அதை ஒப்புக்கொள்ள ஒரு சபை கூடும். கைதி ஒருவர் வாய்மொழியாற் பிறந்த சர்வகலாசாலைப் பாடநெறியை நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஆசிரியை அதனைக் காற்றிலே பறக்கவிடவில்லை. 1997ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரச் சிறையொன்றில் முதல் வகுப்பு ஆரம்பமாயிற்று. அதற்கு அவர் இட்ட பெயரின் பொருள் "உள்ளும் புறமும்" என்பது. மதிலுக்கு வெளியேயிருந்து வருவோர் புறத்து மாணவர். உள்ளே இருப்போர் அகத்து மாணவர். "கைதி" என்னும் சொல் வகுப்பறையினுள் வழங்குவதில்லை. ஒவ்வொரு சாராரிலும் பதினைந்து முதல் பதினெட்டுப் பேர்வரை. இரு சாராருக்கும் ஒரே புத்தகங்கள், ஒரே கட்டுரைகள்.

அவ்வகுப்பின் நடைமுறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதலிலே இரு சாராரையும் ஒன்றாக அமர்த்துவதில்லை. ஆசிரியை இருவரையும் தனித்தனியே சந்தித்து, விதிகளைச் சொல்லி, அவரவர் அச்சத்தைக் கேட்டுக்கொள்கின்றார். புறத்து மாணவருக்கு என்ன அச்சம் என்பதை நாம் ஊகித்தல் எளிது. அகத்து மாணவருக்கும் அச்சமுண்டு: பள்ளிக்கூடத்தைப் பாதியிலே விட்டவர் பலர், சர்வகலாசாலைப் பிள்ளைகள் முன்னே தம் அறியாமை வெளிப்பட்டுவிடுமோ என்னும் கூச்சம் அவர்களைப் பிடித்தாட்டுகின்றது. பின்னர், முதன்முதலாகச் சேர்ந்து கூடும் நாளிலே, நாற்காலிகளை இரு வட்டமாக, ஒன்றனுள் ஒன்றாக, முகத்துக்கு முகம் நோக்கும்படி இடுகின்றார்கள். ஒரு வட்டத்தில் அகத்தார், மற்றதில் புறத்தார். ஆசிரியை பாதி வாக்கியம் ஒன்றைச் சொல்லுவார்; எதிரெதிரே இருக்கும் இருவரும் அதனைத் தத்தமக்குத் தோன்றியவாறு முடித்துப் பேசிக்கொள்ள வேண்டும். சிறிது நேரத்திற்கொருமுறை ஒரு வட்டத்தினர் எழுந்து ஒரு நாற்காலி தள்ளி அமர்வர். இவ்வாறு வண்டிச் சக்கரம்போற் சுற்றி முடிவதற்குள், ஒவ்வொருவரும் எதிர்ச்சாராருள் ஏறக்குறைய எல்லோருடனும் பேசிவிடுகின்றனர். அதன்பின் தவணை முழுவதும் ஒரே பெரிய வட்டம். அகத்தார் ஒருவர், புறத்தார் ஒருவர் என மாறி மாறி அமர்வு.

படிப்பதும் வெறும் கதையன்று. சிறைச்சாலை எதற்காக இருக்கின்றது? மனிதர் குற்றம் செய்வது ஏன்? குற்றத்தாற் பாதிக்கப்பட்டவருக்குச் சமுதாயம் செய்யவேண்டியது யாது? தண்டனைக்கும் திருத்தத்திற்கும் இடையேயுள்ள தொடர்பு என்ன? இவ்வினாக்களைச் சட்ட நூல்களிலே படித்தறிந்த இருபது வயது மாணவி ஒருத்தியும், அவற்றைத் தன் வாழ்நாளாற் படித்த ஐம்பது வயது மனிதர் ஒருவரும் அருகருகே இருந்து விவாதிக்கின்றனர். யாருக்கு யார் ஆசிரியர் என்பதைத் துணிந்து கூறுதல் அரிது.

இனி விதிகளைப் பார்ப்போம். முதற்பெயரையன்றி முழுப்பெயரை எவரும் சொல்லுதல் கூடாது. இன்ன குற்றத்திற்காக உள்ளே வந்தீர் என்று எவரும் கேட்டல் கூடாது. பரிசுப் பொருள் கொடுத்தலோ வாங்கலோ ஆகாது. தவணை முடிந்து பிரிவுபசாரமும் நடந்தபின், கடிதம் எழுதுதல், சந்தித்தல், பிறர் வாயிலாகச் செய்தி அனுப்புதல் எல்லாம் முற்றாக விலக்கு. பதினைந்து வாரம் முழங்காலும் முழங்காலும் தொடுமளவு நெருங்கியிருந்து பேசியவர், அன்று பிரிந்தால் பிரிந்ததுதான்.

இந்தக் கடைசி விதியை முதன்முதலிற் படித்தபோது நமக்கு அது கொடுமையாகவே பட்டது. நட்பை வளர்த்துவிட்டு நறுக்கிவிடுதல் என்ன தர்மம் என்று வினவத் தோன்றிற்று. சிந்தித்தபோது அதன் நியாயம் புலனாயிற்று. வெளியேயிருந்து வரும் இளம்பிள்ளையின் இரக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆசை உள்ளே ஒருவருக்கு வரலாம். உள்ளே இருப்பவரின் தனிமையை விளையாட்டாகக் கொள்ளும் அறியாமை வெளியே ஒருவருக்கு வரலாம். ஒரு தவறு நடந்தாலும் கதவு அடைபடும். அடுத்த ஆண்டு வரவிருக்கும் முப்பது பேருக்கும் வகுப்பில்லை. ஆகவே, வேலி இறுக்கமாக இருப்பதனாலேயே உள்ளே தாராளமாகப் பேச முடிகின்றது. இஃது எம் முடிபு. இதனை ஒவ்வாதாரும் இருக்கலாம்.

இன்னொன்றையும் லோரி பொம்பா வற்புறுத்துகின்றார். மாணவர் அங்கே தருமம் செய்யப் போவதில்லை. கைதிகளை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளவும் போவதில்லை. நம் நாட்டுச் சங்கங்கள் சிறைச்சாலைக்குப் போனால், பண்டிகை நாளிலே பலகாரப் பொட்டலம் கொடுத்து, படமும் பிடித்துக்கொண்டு திரும்புவதே வழக்கம். அதிற் குற்றமில்லை, பலகாரம் தின்றவர் வாய் இனிக்கத்தான் செய்யும். ஆயினும் கொடுப்பவர் நின்றுகொண்டும் வாங்குபவர் வரிசையிலும் இருக்குமிடத்திலே தோழமை பிறப்பதில்லை.

2002ஆம் ஆண்டில் இவ்வகுப்பு பிலடெல்பியாவுக்கு வெளியேயுள்ள கிரேட்டர்போர்ட் என்னும் பெருஞ்சிறைக்குச் சென்றது. அங்கே தவணை முடிந்தபின்னும் அகத்து மாணவர் கலைந்துபோக மனமின்றி ஒரு குழுவாகத் தொடர்ந்து கூடலாயினர். 2004ஆம் ஆண்டு முதல், இவ்வகையான வகுப்பை நடத்த விரும்பும் பிற சர்வகலாசாலை ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகின்றது. அப்பயிற்சியில் ஒரு பகுதியைச் சிறையினுள்ளே இக்குழுவினரே நடத்தினர். பட்டமும் பதவியும் பெற்ற பேராசிரியர்கள், ஆயுட்கைதிகளின் முன்னே வட்டமாக அமர்ந்து, பாடம் நடத்தக் கற்றுக்கொண்டார்கள்! இவ்வாறு பயின்ற ஆசிரியர் தொகை இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கிரேட்டர்போர்ட் சிறை 2018ஆம் ஆண்டில் மூடப்பட்டு, அங்கிருந்தோர் அருகிலேயே கட்டப்பட்ட பீனிக்ஸ் என்னும் புதுச் சிறைக்கு மாற்றப்பட்டனர்.

நிற்க. இதே காலத்தில் நியூ யோர்க் மாநிலத்திலே வேறொரு மாணவர் வேறொரு வழியாற் புகுந்தார். அக்கதைக்கு முன்கதை ஒன்றுண்டு. வறிய மாணவருக்கு அமெரிக்க மத்திய அரசாங்கம் அளிக்கும் பெல் உதவிப்பணம் முன்னர் கைதிகளுக்கும் கிடைத்துவந்தது. அதனால் நாடெங்கும் ஏறக்குறைய 350 உயர்கல்வித் திட்டங்கள் சிறைகளிலே நடந்தன. 1994ஆம் ஆண்டிலே கொணரப்பட்ட குற்றத்தடைச் சட்டம் அந்த உதவியைக் கைதிகளுக்கு நிறுத்திவிட்டது. "நேர்மையாக உழைக்கும் தகப்பன் தன் பிள்ளையைப் படிப்பிக்கக் கடன்படுகின்றான், திருடனுக்கு இலவசப் படிப்பா?" என்பதே அன்றைய வாதம். இவ்வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடுதல் ஆகாது. பிள்ளையின் படிப்புக்காகக் காணியை ஈடுவைத்த தகப்பன்மார் நம்மிடையேயும் உளர். அவர்கள் காதுக்கு இது நியாயமாகவே ஒலிக்கும். ஆனால் கணக்கைப் பார்த்தால், அவ்வுதவிப்பணத்தில் கைதிகளுக்குச் சென்றது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை நிறுத்தியதால் எந்தத் தகப்பனுடைய கடனும் தீரவில்லை. சிறைகளிலிருந்த வகுப்பறைகள் மட்டும் ஒவ்வொன்றாக அடைபட்டன.

பார்ட் கல்லூரியிலே பயின்றுகொண்டிருந்த மக்ஸ் கென்னர் என்னும் மாணவர், இவ்வாறு அடைபட்ட கதவை 1999ஆம் ஆண்டில் தட்டத் தொடங்கினார். தோழர்களைச் சேர்த்துக்கொண்டு தொண்டர்களாகச் சிறைக்குள் போய்ப் படிப்பித்தார். 2001ஆம் ஆண்டில் அக்கல்லூரியே முன்வந்து, பட்டத்துக்குரிய வகுப்புக்களைச் சிறையினுள் நடத்தலாயிற்று. கட்டுரைப் பரீட்சையும் நேர்முகப் பரீட்சையும் வைத்தே ஆட்களைச் சேர்த்தனர். வெளியே கொடுக்கும் அதே பட்டம். அதிலே குறைவுமில்லை, சலுகையுமில்லை.

2015ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே இச்சிறைமாணவரின் விவாதக் குழு, ஹாவார்ட் சர்வகலாசாலையின் விவாதக் குழுவைச் சந்தித்தது. நப்பனொக் என்னும் ஊரிலுள்ள காவல் மிகுந்த சிறையே களம். சாராருக்கு மூவர் மூவர். முறையான பத்திரமின்றி நாட்டிற் குடியேறியோரின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மறுக்கும் உரிமை அரசாங்கப் பாடசாலைகளுக்கு இருத்தல் வேண்டும் என்பது தலைப்பு. சிறைமாணவருக்கு அதனை ஆதரித்துப் பேசும் பக்கம் வாய்த்தது. அவர்கள் உள்ளத்தில் நம்பியதோ அதற்கு நேர்மாறு. ஹாவார்ட் பிள்ளைகளுக்கு இணையம் விரல் நுனியில் இருந்தது. இவர்களுக்கு அது கிடையாது. ஒரு புத்தகமோ கட்டுரையோ வேண்டுமானால் சிறை அதிகாரிகளிடம் எழுதிக் கேட்டு, அனுமதிக்காக வாரக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். ஆயினும் நடுவர்கள் சிறைமாணவருக்கே வெற்றி என்றனர். அவர்கள் எடுத்தெறிந்த நியாயங்கள் சிலவற்றுக்கு எதிர்தரப்பார் விடை தயாரித்து வரவில்லையாம்.

செய்தி உலகமெங்கும் பரவிற்று. நமக்கு அதிலே பிடித்தது தோற்றவர்களின் நடத்தை. இவர்களிடம் தோற்றதைப் பெருமையாகவே கொள்கின்றோம் என்னும் கருத்துப்பட ஹாவார்ட் மாணவர் பகிரங்கமாக எழுதினர். யாருடைய மூளைக்கும் மதில் கிடையாது என்பதை அவர்கள் அன்று நேரிலே கண்டிருந்தனர்.

கல்வி கற்ற கைதி திருந்திவிடுகின்றானா என்று வாசகர் கேட்பர். ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிறுவனம் 2013ஆம் ஆண்டில் முந்திய ஆய்வுகள் பலவற்றையும் தொகுத்துப் பார்த்து, சிறையிற் கல்வி பெற்றோர் மீண்டும் குற்றத்தில் வீழும் சாத்தியம் பெறாதோரைவிட 43 விழுக்காடு குறைவு என்று கணித்தது. படிக்க விரும்பி முன்வருபவன் முன்னரே பாதி திருந்தியவன் என்றும் இதற்கு மறுமொழி கூறலாம். அதிலும் உண்மை இல்லாமலில்லை. எவ்வாறாயினும் அமெரிக்க அரசாங்கம் தன் மனத்தை மாற்றிக்கொண்டது. 2020ஆம் ஆண்டு இறுதியில் நிறைவேறிய சட்டத்தின்படி, 2023ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதியிலிருந்து பெல் உதவிப்பணம் கைதிகளுக்கு மீண்டும் கிடைக்கின்றது. இடையிலே கழிந்தது ஏறக்குறைய இருபத்தொன்பது ஆண்டு. உள்ளே வரும்போது இருபது வயதாயிருந்தவனுக்கு இப்போது ஐம்பதாகிவிட்டது.

இதுவரை சொன்னவை மனத்துக்கு இதமானவை. இனிச் சொல்லவேண்டியதை விட்டுவிட்டு இக்கட்டுரையை முடிப்பது வாசகர்களுக்குச் செய்யும் துரோகம்.

இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரூத் ஆம்ஸ்ட்ரோங், ஏமி லட்லோ என்னும் இரு பெண் அறிஞர்கள் 2014ஆம் ஆண்டில் இவ்வகையான ஒரு திட்டத்தைத் தொடங்கினர். "சேர்ந்து கற்றல்" என்பது அதன் பெயரின் பொருள். அதன் ஐந்தாவது ஆண்டு நிறைவு விழா 2019ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி லண்டன் பாலத்தருகேயுள்ள பழைய மீன்வணிகர் சங்க மண்டபத்தில் நடைபெற்றது. மாணவர், ஆசிரியர், விடுதலையானோர், ஒருநாள் அனுமதியோடு வந்த கைதிகள் எல்லோரும் கூடியிருந்தனர். பயங்கரவாதச் சதிக்காகத் தண்டனை பெற்று, முந்திய ஆண்டு டிசெம்பரிலே நிபந்தனையின்பேரில் விடுதலையாகி, இத்திட்டத்தின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாகவே கொண்டாடப்பட்ட ஒருவனும் வந்திருந்தான். அவன் மறைத்துக் கொணர்ந்த கத்திகளால் ஜக் மெரிட் என்னும் இருபத்தைந்து வயது இளைஞரையும், சஸ்கியா ஜோன்ஸ் என்னும் இருபத்துமூன்று வயது மங்கையையும் குத்திக் கொன்றான்; வேறு மூவரைக் காயப்படுத்தினான். இறந்த இருவரும் கேம்பிரிட்ஜில் முதுநிலைக் கல்வி முடித்தவர்கள். கைதிகளுக்குத் துணைநிற்க வேண்டுமென்று மனமுவந்து வந்தவர்கள்.

அவனைத் தடுத்தோர் யார்? நாற்காலி, தீயணைப்புக் கருவி, மண்டபச் சுவரிலே அணியாக மாட்டியிருந்த கடல்விலங்கின் நீண்ட தந்தம் என்று கைக்கெட்டியதைப் பற்றிக்கொண்டு, அவனைத் தெருவரை துரத்திச் சென்று பாலத்திலே மடக்கியோருள் இருவர் சிறைகண்டவர்கள். அவர்களுள் ஸ்டீவன் கலன்ட் என்பவர் கொலைக்குற்றத்துக்கான தண்டனையை அனுபவித்துக்கொண்டே அன்றொரு நாள் அனுமதியில் வந்தவர். அவருடைய துணிவைக் கருதி, அரச கருணையால் அவர் தண்டனையிற் பத்து மாதம் பின்னர் குறைக்கப்பட்டது. சேர்ந்து கற்றவன் ஒருவன் கொன்றான். சேர்ந்து கற்றோர் வேறு சிலர் உயிரைப் பணயம்வைத்துக் காத்தனர். இவற்றுள் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு பேசுவோர் இருபக்கத்திலும் உளர்.

2021ஆம் ஆண்டில் மரண விசாரணை நடத்திய ஜூரிமார் அதிகாரத்துறைகளின் குறைபாடுகளை ஒளிக்காமற் சொன்னார்கள். அவனைக் கண்காணிக்க வேண்டியோர் தமக்குள் செய்தியைச் சரிவரப் பகிர்ந்துகொள்ளவில்லை. பொறுப்பு யாருடையது என்பது தெளிவாயிருக்கவில்லை. அவன் நல்ல மாணவனாகக் காட்சியளித்தமையே பலர் கண்ணை மறைத்துவிட்டது. கேம்பிரிட்ஜிலே அத்திட்டம் அதன்பின் தொடர்ந்து நடைபெறவில்லை.

மகனை இழந்த டேவிட் மெரிட், துயரம் ஆறுமுன்னரே பகிரங்கமாக எழுதினார். தன் மகனுடைய மரணத்தைக் காரணங்காட்டிக் கைதிகளின் தண்டனையைக் கூட்டுவதையோ, அவர்களை நெடுங்காலம் அடைத்துவைப்பதையோ தன் மகன் விரும்பியிருக்க மாட்டான் என்பதே அவர் சொன்னதன் சாரம். அப்போது அந்நாட்டிலே தேர்தற் காலம். அம்மரணத்தை அரசியல்வாதிகள் மேடையிலே தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். அந்நிலையில் ஒரு தகப்பன் இவ்வாறு எழுதினார். நாமும் பிள்ளை பெற்றவர்கள். அவரிடத்தில் நாம் இருந்திருந்தால் அப்படி எழுதியிருப்போம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இனி, நம் மகளோ மகனோ சர்வகலாசாலையிலிருந்து ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, "மறியலுக்குள்ளே போய்ப் படிக்கும் வகுப்பு, கையொப்பம் வையுங்கள், அப்பா" என்று மேசையிலே வைத்தால் என்ன செய்வோம்? வேண்டாமென்று சொல்வதற்கு ஒரு கணம் போதும். நாம் முதலிலே சில கேள்வி கேட்போம். வகுப்புக்குப் பொறுப்பானவர் யார்? உள்ளே வருவோரை யார், எப்படித் தெரிந்தெடுக்கின்றனர்? சந்தேகம் தோன்றினால் ஒருவரை வேண்டாமென்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு. அவர் சொல்வதை மற்றையோர் கேட்பார்களா? வகுப்பு முடிந்தபின் உறவு எவ்வளவு, எங்கே நிற்கும்? இவற்றுக்கு நேரான விடை கிடையாவிட்டால், எவ்வளவு உயர்ந்த நோக்கமாயினும் படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுப்போம். விடை கிடைத்தால் கையொப்பம் வைப்போம்.

வைத்துவிட்டு, முதல் வகுப்பு நடக்கும் அன்று மாலை, பிள்ளையின் பஸ் வந்து சேரும்வரை விறாந்தை விளக்கை அணையாமல் உட்கார்ந்திருப்போம். வீட்டுக்காரியும் ஏதோ வேலை இருப்பதுபோல அங்கேயே நடமாடிக்கொண்டிருப்பாள்.